வாசகர் கேள்வி – பதில்: எதிர்காலச் சக்கரம் கற்பிக்கும் செயலமர்வு

கேள்வி: நான் எங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்பின் செயலாளர். சென்ற ஆண்டு கொழும்பில் நடந்த இரண்டு நாள் பயிற்சியொன்றில் 'மூலோபாய முன்நோக்கு' என்ற, நடக்கக்கூடிய எதிர்காலங்களை முன்கூட்டி எண்ணிப் பார்க்கும் துறையின் கருவிகள் சிலவற்றை அறிமுகம் செய்தார்கள். அவற்றுள் எதிர்காலச் சக்கரம் என்பது எங்கள் ஆட்களுக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது. அயலில் உள்ள அமைப்புகளின் நிர்வாகிகள் இருபத்தைந்து பேரைக் கூட்டி, ஒரே நாளில் அதைக் கற்றுக்கொடுக்க விரும்புகிறேன். எங்கே தொடங்குவது, எதைத் தவிர்ப்பது என்று எழுதுவீர்களா?
– கோப்பாய் வாசகர்

பதில்: கருவியை அறியாத ஏனைய வாசகர்களுக்காக முதலில் ஒரு சிறு விளக்கம். எதிர்காலச் சக்கரத்தை ஜெரோம் கிளென் என்ற அமெரிக்கர், தாம் பட்டப்பின்படிப்பு மாணவராக இருந்த 1971ஆம் ஆண்டில் உருவாக்கினார். பெரிய தாளொன்றின் நடுவில், நடக்கக்கூடிய ஒரு மாற்றத்தை எழுதி வட்டமிட வேண்டும். அது நடந்தால் நேராக விளையக்கூடியவற்றைச் சுற்றிவர எழுதி, ஒற்றைக் கோட்டால் நடுவட்டத்தோடு இணைக்க வேண்டும். அவ்விளைவுகள் ஒவ்வொன்றும் எதைக் கொண்டுவரும் என்று கேட்டு இரண்டாம் வளையத்தை இரட்டைக் கோட்டாலும், அதிலிருந்து மூன்றாம் வளையத்தை மூன்று கோடுகளாலும் இணைக்க வேண்டும். கருவி இவ்வளவுதான். பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது என்று எல்லாரும் நினைப்பதுதான் இதைக் கற்பிப்பவருக்கு வரும் முதல் சங்கடம். தாளும் அரை மணித்தியாலத்தில் நிரம்பிவிடும். நிரம்பியது சக்கரமா, மனக்குறைகளின் பட்டியலா என்பது பின்னேரம்தான் தெரியவரும்.

நீங்கள் 'கற்றுக்கொடுக்க விரும்புகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை விட்டுவிடாதீர்கள். திட்டம் தீட்டுவதற்காகக் கூட்டப்படும் செயலமர்வில், மாலையில் சுவரில் தொங்கும் தாள் நன்றாக இருந்தால் போதும். அதை வளவாளரே பாதி எழுதியிருந்தாலும் பாதகமில்லை. கற்பிக்கும் செயலமர்விலோ அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாலும் நட்டமில்லை. வந்தவர்கள் அடுத்த மாதம் தத்தம் அமைப்பில், நீங்கள் இல்லாமல், அதே வேலையைச் செய்விக்கக் கூடியவர்களாகத் திரும்பிப் போகிறார்களா என்பதே கணக்கு. ஆகவே ஒரே நாளில் இரண்டு சக்கரங்கள் வரையப்பட வேண்டும். முதலாவதை நீங்கள் வழிநடத்துங்கள். இரண்டாவதை அவர்களுள் ஒருவர் வழிநடத்த, நீங்கள் வாய் திறக்காமல் மூலையில் இருங்கள். இந்த இரண்டாவது பகுதிக்கு நேரம் போதாமற் போவதே நான் பார்த்த பெரும்பாலான செயலமர்வுகளின் குறை. அறிமுக உரைகளும் பொன்னாடைகளும் காலை வேளையை விழுங்கிவிடுகின்றன.

முதற் சக்கரத்துக்கு எதிர்காலத்தைத் தொடாதீர்கள். நடந்து முடிந்த, அவையில் உள்ளவர்கள் அனுபவித்த ஒன்றை நடுவில் வையுங்கள். ஏனெனில் எதிர்காலத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் சரி பிழை பார்க்க முடியாது. கடந்த காலத்தில் விளைவு எது, விளைவுபோலத் தோன்றியது எது என்பதைப் பிரித்துக் காட்டலாம். நான் பலமுறை பயன்படுத்திய நடுவட்டம், '1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது' என்பதாகும். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரையும் அக்காலத்தை அறியாத இளைஞர் ஒருவரையும் இணையாக இருத்தி, மூத்தவர் சொல்ல இளையவர் எழுதட்டும் என்று விடுவேன். வீடுகளில் மின்விளக்கு இல்லை, மின்மோட்டாரில் நீர் இறைக்க முடியவில்லை, வானொலி கேட்க வழியில்லை என்று முதல் வளையம் விரைவாக வந்துவிடும். இரண்டாம் வளையத்தில் எல்லாம் மண்ணெண்ணெயை நோக்கிச் சாயும். மூன்றாம் வளையத்தில்தான் முகங்கள் மலரும்: துளி மண்ணெண்ணெயைப் பஞ்சில் ஊறவைத்து எரித்த ஜாம் போத்தல் விளக்கும், கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் செய்தி கேட்டதும் அங்கே வந்து சேரும்.

ஒருமுறை ஓர் இளைஞர் 'சைக்கிளின் மதிப்பு உயர்ந்தது' என்று முதல் வளையத்தில் எழுதி, நடுவட்டத்தோடு ஒற்றைக் கோட்டால் இணைத்திருந்தார். அது நடந்தது உண்மை. ஆனால் மின்சாரம் நின்றதாலா நடந்தது என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர் சற்று யோசித்துவிட்டு, "இல்லைத் தம்பி, அது பெற்றோல் வராதபடியால்" என்றார். பெற்றோல் வராமற் போனதற்குக் காரணம் பொருளாதாரத் தடை. மின்சாரம் நின்றது அதனோடு ஒரே காலத்தில் நடந்த வேறொன்று. அந்த ஒரு கோட்டை அழித்த இரண்டு நிமிடத்தில், 'கூடவே நடந்தது' வேறு, 'அதனால் நடந்தது' வேறு என்பதை அந்தக் குழு கற்றுக்கொண்டது. அதை நான் கரும்பலகையில் எழுதி விளக்கியிருந்தால் குறிப்பேட்டில் ஒரு வரியாகப் போயிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வை ஒருபோதும் நடுவட்டத்தில் வைக்காதீர்கள். விளைவுகளை அடுக்கிப் பார்க்கும் பயிற்சிக்கு அது உரிய பொருளன்று; அவையில் யார் யாரை இழந்தவர் என்பது உங்களுக்குத் தெரியாது. 1990ஆம் ஆண்டும் எல்லாருக்கும் ஒரே ஆண்டு அல்ல. அவ்வாண்டின் ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் உங்கள் அவையில் இருந்தால், ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிச் சிரித்துப் பேசுவது அவர்களுக்கு வேறு விதமாகக் கேட்கும். அவ்வாறான அவையிலும், இளையோர் மட்டும் கூடும் அவையிலும், 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்ட நிகழ்வை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு நவம்பரிலேயே தடை தளர்த்தப்பட்ட போதிலும் அதன் வளையங்கள் இன்னும் விரிந்துகொண்டிருக்கின்றன. கமக்காரர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது சக்கரம் எதிர்காலத்துக்குரியது. அதன் வெற்றி, நடுவட்டத்தில் எழுதப்படும் வசனத்தில் தங்கியிருக்கிறது. இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். நான் நடத்திய முதற் செயலமர்வில் நடுவட்டத்தில் 'தண்ணீர்' என்று ஒரே சொல்லை எழுதினேன். இரண்டு மணித்தியாலம் முழுவதும் கிணறு உவர்ந்த கதை, குழாய் வராத கதை, அதிகாரிகள் வராத கதை என்று தாள் நிரம்பியது. விளைவு என்று சொல்லத்தக்க ஒன்றும் அதில் இல்லை. பிழை அவர்களுடையது அல்ல. 'தண்ணீர்' என்பது ஒரு தலைப்பு. தலைப்புக்கு விளைவு கிடையாது, நிகழ்வுக்குத்தான் உண்டு. நடுவட்டம் ஆண்டும் எழுவாயும் பயனிலையும் கொண்ட முழு வசனமாக இருக்க வேண்டும். உதாரணமாக, '2032ஆம் ஆண்டிலிருந்து தோட்டக் கிணறுகளுக்கு மானி பூட்டி, இறைக்கும் நீருக்குக் கட்டணம் அறவிடப்படுகிறது' என்று எழுதிப் பாருங்கள். இது கற்பனைதான் என்றாலும் வெறும் கற்பனையன்று. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத எங்கள் குடாநாடு, பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்குவதையே நம்பியிருக்கிறது. அந்த நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படை. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலே ஏறும். ஆகவே எப்போதாவது ஓர் அரசாங்கம் இறைப்புக்கு அளவு வைக்க நினைப்பது நடக்கக்கூடிய காரியமே.

இந்த நடுவட்டத்தைக் கொண்டு ஓரிடத்தில் செய்தபோது, சொட்டு நீர்ப்பாசனம் பரவும், வெங்காயத்தின் உற்பத்திச் செலவு கூடும், சிலர் இரவில் களவாக இறைப்பார்கள் என்று எதிர்பார்த்தவையே முதலில் வந்தன. பிறகு ஓர் அம்மா, தமது கிணறு நான்கு பேருக்குப் பங்குக் கிணறு என்றும், மானி யாருடைய பெயரில் பூட்டப்படும் என்றும் கேட்டார். அதன்பின் அந்தத் தாளின் ஒரு பக்கம் முழுவதும் உறுதிகளில் எழுதப்பட்ட கிணற்றுப் பங்கு, வெளிநாட்டில் இருக்கும் பங்காளி, கட்டணத்தைப் பங்கிடுவதில் எழும் வழக்கு, வழக்கு முடியும்வரை தரிசாகக் கிடக்கும் தோட்டம் என்று வளர்ந்தது. சட்டம் வரைபவர் எவரும் மேசையிலிருந்து யோசித்து இந்த வளையத்தை எழுதியிருக்க மாட்டார். இந்தக் கருவியை விவசாயிகளிடம் கொண்டுபோக நீங்கள் எடுக்கும் சிரமத்துக்கு இதுவே போதிய காரணம்.

நேர ஒழுங்கைப் பொறுத்தவரை, காலை எட்டு மணிக்குத் தோட்டக்காரரை அழைக்காதீர்கள். நீர் இறைத்து முடித்து வர ஒன்பதரை ஆகும். இருபது நிமிட அறிமுகத்துக்குப் பின் பதினொன்றே கால் வரை முதற் சக்கரம். தேநீருக்குப் பின் ஒவ்வொரு குழுவும் மற்றக் குழுவின் தாளைப் பார்த்துக் கோடுகளைக் கேள்வி கேட்கட்டும். மதிய உணவுக்கு முன்பே இரண்டாவது நடுவட்டத்தின் வசனத்தை முடிவுசெய்துவிடுங்கள். சாப்பிடும்போது அதைப் பற்றிப் பேச்சு நடக்கும், அது இலவசமாகக் கிடைக்கும் நேரம். ஒன்றே காலிலிருந்து இரண்டே முக்கால் வரை இரண்டாவது சக்கரம். மீதி முக்கால் மணித்தியாலத்தில், வழிநடத்தியவர்கள் தமக்கு எங்கே இடறியது என்று சொல்ல வேண்டும். குழுவுக்கு ஆறு பேர், நான்கு குழுக்கள். மிஞ்சும் இருபத்தைந்தாம் ஆளிடம் மணியைக் கொடுத்து நேரம் பார்க்கச் சொல்லுங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாட்களையும் உங்கள் ஊர்க் கோயில் கொடியேறும் நாட்களையும் தவிர்க்க வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

மண்டபத்தைப் பற்றி ஒரு சிறு விடயம். எங்கள் சனசமூக நிலையங்கள் பலவற்றின் சுவர்கள் சுண்ணாம்பு அடித்தவை. ஒட்டுநாடா அதில் நிற்காது, மின்விசிறியைப் போட்டதும் தாள் கழன்று விழும். சுவரை மறந்துவிடுங்கள். இரண்டு டிமைத் தாள்களை ஒட்டிப் பெரிதாக்கி மேசையில் விரித்து, சுற்றிவர ஆறு பேரையும் நிற்கவையுங்கள். சக்கரம் வட்டமானது என்பதால் ஒவ்வொருவரும் தம் பக்கத்திலிருந்தே எழுதலாம். சுவரில் தொங்கும் தாளில் மாக்கர் வைத்திருப்பவர் ஒருவரே எழுதுவார், ஏனையோர் பார்வையாளர்களாகிவிடுவர். நிலையத்தில் மேசைப்பந்து மேசை இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது.

கேள்வி: எதிர்காலத்தை அறிவது சோதிடரின் தொழில் என்று எண்ணும் சமூகத்தில், இவ்வாறான பயிற்சிகளுக்கு ஏதேனும் பெறுமதி உண்டா? நாளை நடப்பதை யாரால் சொல்ல முடியும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வட்டுக்கோட்டை

பதில்: நாளை நடப்பதை யாராலும் சொல்ல முடியாது என்பதிலிருந்துதான் இந்தத் துறை தொடங்குகிறது, ஐயா. பஞ்சாங்கம் ஒரு நேரத்துக்கு ஒரு பலனைச் சொல்கிறது; வாக்கியமும் திருக்கணிதமும் ஒரு விரதத்துக்கு இரண்டு நாட்களைக் குறித்தாலும், ஒவ்வொன்றும் தன் வரையில் ஒன்றைத்தான் சொல்கிறது. முன்நோக்குக் கருவிகள் ஒன்றைச் சொல்வதில்லை. நடக்கக்கூடிய பலவற்றை அருகருகே வைத்து, அவற்றுள் எது வந்தாலும் நாம் என்ன நிலையில் இருப்போம் என்று கேட்கின்றன. ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக் என்பவரும் அவருடைய குழுவினரும் 1970களின் தொடக்கத்தில் செய்தது இதைத்தான். எண்ணெய் மலிவாகவே கிடைத்துக்கொண்டிருக்கும் என்று எல்லாரும் நம்பியிருந்த காலத்தில், உற்பத்தி நாடுகள் விலையை உயர்த்தினால் என்னவாகும் என்ற காட்சியையும் தமது முகாமையாளர்களின் முன் வைத்தார்கள். 1973 ஒக்ரோபரில் நெருக்கடி வந்தபோது, அந்த நிலைமையை ஏற்கெனவே மனத்தில் ஒருமுறை வாழ்ந்து பார்த்திருந்தவர்களாக அவர்கள் இருந்தார்கள்.

நமது ஊரில் இதற்கு உதாரணம் தேட வெளியே போக வேண்டியதில்லை. 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் செத்தல் மிளகாயாலும் வெங்காயத்தாலும் கல்வீடு கட்டியவர்கள் பலர். 1977க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு வெளிநாட்டு மிளகாய் வந்திறங்கியபோது அவர்கள் பட்டபாட்டை நீங்கள் கண்ணால் கண்டிருப்பீர்கள். அந்த மாற்றத்தின் நாளை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது என்றாலும், 'இந்தக் கட்டுப்பாடு ஒருநாள் நீங்கினால்' என்ற வசனத்தை 1974இல் ஒரு தாளின் நடுவில் எழுதியிருக்க முடியும்.

செயலமர்வில் இந்தச் சந்தேகம் எழும்போது அதை விளக்கவுரையால் அடக்க முயலாதீர்கள் என்று நடத்துபவர்களுக்குச் சொல்வேன். யாராவது ஒருவர் எழுந்து, "தம்பி, உது நடவாது" என்று சொல்லத்தான் செய்வார். நடக்கும் என்று வாதாட வேண்டாம். "நடவாமலே போகட்டும் ஐயா, நடந்தால் முதலில் யாருக்கு நோகும்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரே அந்தக் குழுவின் ஆகச் சிறந்த மூன்றாம் வளையத்தை எழுதுவார்.

கேள்வி: எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இத்தகைய அமர்வொன்றை நடத்தினோம். தலைவி சொன்னதையே எல்லாரும் எழுதினார்கள். அவர் கெட்டவர் அல்லர். அவர் பேசினால் மற்றவர்கள் பேசுவதில்லை. என்ன செய்யலாம்?
– களப் பணியாளர், பருத்தித்துறை

பதில்: மரியாதையினால் வரும் மௌனத்தை, 'எல்லாரும் பேசுங்கள்' என்ற வேண்டுகோளால் கலைக்க முடியாது. வரிசையை மாற்றுங்கள். நடுவட்டத்தை அறிவித்ததும் ஐந்து நிமிடம் எவரும் பேசக்கூடாது; ஒவ்வொருவரும் சிறு கடதாசித் துண்டுகளில், ஒரு துண்டுக்கு ஒரு விளைவாக, தனித்தனியே எழுத வேண்டும். எழுதச் சிரமப்படுபவருக்கு ஒரு பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். பிறகு துண்டுகளை ஒரு சுளகில் கொட்டிக் கலந்து, ஒவ்வொன்றாக எடுத்து வாசியுங்கள். யாருடையது என்று கேட்கக் கூடாது. ஒரு விளைவு உண்மையில் நடுவட்டத்திலிருந்து நேராக வருகிறது என்று குழுவினர் அனைவரும் ஏற்றால் மட்டுமே அது முதல் வளையத்தில் ஏறலாம் என்ற விதியையும் வைத்தால், தலைவியின் துண்டும் மற்றவர்களின் துண்டைப் போலவே சோதனைக்கு உட்படும்.

தலைவியை என்ன செய்வது என்பதற்கு என்னிடம் ஒரு வழி உண்டு. அவரை வழிநடத்துநராக்குங்கள். வழிநடத்துபவர் சொந்த விளைவைச் சொல்லக் கூடாது, 'பிறகு?' என்று மட்டும் கேட்கலாம் என்பது விதி. அவரிடம் இதை முதல் நாளே வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொல்லிவிடுவது நல்லது. அவையில் வைத்துச் சொன்னால் வாயை அடைத்ததாக எண்ணுவார். பொறுப்பாகக் கொடுத்தால், நான் கண்ட அளவில், இவ்வாறானவர்கள் அந்த விதியை மற்ற எவரையும்விட இறுக்கமாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

கேள்வி: எங்களுக்கு நிதி வழங்குபவர்கள் ஒரே நாளில் நான்கு கருவிகளைக் கற்பிக்கும்படி கேட்கிறார்கள். சூம் வழியாக அரை நாளில் நடத்தலாமா என்றும் கேட்கிறார்கள்.
– யாழ்ப்பாண நகர வாசகி

பதில்: நான்கு கருவிகளை ஒரு நாளில் அறிமுகப்படுத்தலாம், கற்பிக்க முடியாது. அறிக்கையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும் என்பதால் நிதி வழங்குபவர்களுக்கு வித்தியாசம் படுவதில்லை. பயிற்சித் திட்டத்தில் 'அறிமுகம்' என்ற சொல்லை நேர்மையாக எழுதிக் கொடுத்துவிட்டு, அவர்களே எண்ணிக்கையைக் குறைக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டாவது கருவியொன்று கட்டாயம் வேண்டுமென்றால் மூன்று மாதம் கழித்து, சக்கரம் கைவந்தவர்களுக்கு மட்டும், இரண்டு நிச்சயமின்மைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து நான்கு காட்சிகளை எழுதும் முறையைக் கற்பியுங்கள்.

சூமில் முதற் சக்கரத்தைச் செய்ய வேண்டாம். தொலைபேசித் திரையில் இரண்டாம் வளையத்துக்குப் போவதற்குள் எழுத்து எறும்பளவாகிவிடும். பின்தொடர் சந்திப்புக்கு அது போதும்.

கேள்வி: பங்குபற்றுபவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டுமா?
– சாவகச்சேரி வாசகர்

பதில்: கொடுங்கள், ஆனால் அன்று மாலையில் அல்ல. ஆறு வாரத்துக்குள் தமது சொந்த அமைப்பில் ஒரு சக்கரத்தை நடத்தி, அந்தத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வருபவருக்கு, அதை விரித்து அரை மணித்தியாலம் பேசிய பின் கையொப்பமிட்டுக் கொடுங்கள். இருபத்தைந்து பேரில் எட்டுப் பேர் வந்தால் எட்டுச் சான்றிதழ்களை மட்டும் அச்சடித்தால் போதும்.